முன்பாரம் ஏறிய கிட்டார்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கும் என் பட்டறைக்கு அந்த கிட்டார் வந்தபோது, அது தலை சாய்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொன்ன புகார் வேறு. "நின்று வாசித்தால் சுருதி சேர மறுக்கிறது அண்ணா. உட்கார்ந்தால் பரவாயில்லை" என்றாள் அந்தப் பெண். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஊர் எலத்தகிரி. அங்கே தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டு வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறாள். அவளுடைய அப்பாவும் கூட வந்திருந்தார். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிறவர். தவக்காலம் தொடங்கிய வாரம் அது. பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் தோப்பை விட்டுவிட்டு வந்த அவசரம் அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

நின்றால் கோளாறு, உட்கார்ந்தால் இல்லை. பாதி விடை அந்தப் பேச்சிலேயே இருந்தது. நான் அதைக் காதில் வாங்காமல் முதல் பத்து நிமிடத்தை நட்டை, அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பள்ளங்களில் படிந்து போகும் சிறு கட்டையைப் பார்ப்பதில் கழித்தேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு. எனக்கு முன்னால் வேறோர் ஊர்க் கடையில் இதைக் காட்டியிருக்கிறார்கள். தந்திகள் உயரமாக இருக்கின்றன என்று முடிவு கட்டி, நட்டின் பள்ளங்களை அரத்தால் ஆழமாக்கி அனுப்பிவிட்டார்கள். பழைய நோய் அப்படியே இருக்க, மூன்றாம் தந்தியும் நான்காம் தந்தியும் முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த முதல் உலோகக் கம்பியில், உரசி இரையத் தொடங்கியிருந்தன. சமையல் சோடாவைப் பள்ளத்தில் தூவி, உடனே ஒட்டும் பசையை ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகும். பிறகு அதை அளவாக அரத்தால் இழைத்துக்கொள்ளலாம். அந்தக் கோளாறு அரை மணி நேரத்தில் தீர்ந்தது. ஆனால் அது வந்த வழியில் ஒட்டிக்கொண்ட கோளாறு. அவள் கொண்டுவந்தது வேறு.

ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, நின்று வாசிக்கச் சொன்னேன். எஃப் கார்டு (பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) பிடித்தபோது சுருதி காட்டும் ட்யூனரின் முள் வலப்பக்கம் ஒதுங்கியது, சுருதி ஏறுகிறது. அப்போதுதான் கையைப் பார்த்தேன். இடது கட்டைவிரல் கழுத்தின் பின்புறத்தில் வெறுமனே சாய்ந்திருக்கவில்லை. உள்ளங்கை முழுவதும் கழுத்துக்கு அடியில் புகுந்து, குடத்தைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டிருந்தது. தாங்குகிற கை தந்தியையும் அழுத்த வேண்டும் என்றால் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கினால் தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறும். உட்கார்ந்தால் தொடை பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறது; கை விடுபடுகிறது.

"இரண்டு கையையும் எடு" என்றேன்.

எடுத்தாள். கழுத்து மளமளவென்று தரையை நோக்கி இறங்கியது. மேசையில் பொருத்தியிருந்த இடுக்கியில் தலை மோதுவதற்குள் அவள் கை போய்ப் பிடித்துவிட்டது. நான் பதறியது அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. எத்தனை நூறு முறை விழுந்திருந்தால் கைக்கு அந்த வேகம் வந்திருக்கும்! ஞாயிற்றுக்கிழமை பாடல் புத்தகத்தில் பக்கம் திருப்பும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது என்றாள். வலது முன்கை உடலின் மேல் கிடக்கும்வரை அதன் கனம் கொஞ்சம் எதிர்ப்பாரமாக இருக்கிறது. பக்கம் திருப்பக் கையை எடுத்தால் அதுவும் போய்விடுகிறது.

அவளுடைய அப்பா அதுவரை வாசலில் நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "இது முன்பாரம்" என்று சொல்லிவிட்டு மறுபடி பேச்சைத் தொடர்ந்தார்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். அச்சுக்கு முன்னால் சுமை அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் தொண்டைக் கயிற்றை இறுக்கும், அது பின்பாரம். சுமை அதேதான், வைக்கிற இடம்தான் வேறு. கிட்டார்காரர்கள் நெக் டைவ் என்று சொல்வதற்கு நான் இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தேடப் போவதில்லை. வண்டியின் அச்சு இருக்கும் இடத்தில், கிட்டாரில் ஸ்ட்ராப், அதாவது தோள் வார், மாட்டும் முன் பட்டன் இருக்கிறது.

வடிவத்தின் கதை

அவளுடைய கிட்டார் எஸ்ஜி வடிவத்தின் மலிவான நகல். மெல்லிய உடல், இரண்டு பக்கமும் கூர்மையான கொம்புகள். கிப்சன் நிறுவனம் 1961இல் கொண்டுவந்த வடிவம் இது. முதலில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெயரிலேயே விற்றார்கள். அவர் பெயர் விலகிய பிறகுதான் எஸ்ஜி என்று ஆனது. மேல் ஃப்ரெட்டுகள்வரை கை தடையில்லாமல் போக வேண்டும் என்று உடலைக் குடைந்து குடைந்து, கழுத்தை வெளியே நீட்டிவிட்டார்கள். முன் பட்டனைக் கொம்பில் வைக்காமல், கழுத்து உடலோடு சேரும் குதிகாலின் பின்புறத்தில் வைத்தார்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்தது; அதன் மேல் கொம்பு 12ஆம் ஃப்ரெட்டுக்குக் கிட்டத்தட்ட நேராக நீண்டிருக்கும். பார்ப்பவர்கள் அதை அழகு என்பார்கள். அது வேலை செய்கிற கொம்பு. அதன் நுனியில் பட்டன் இருப்பதால் கிட்டாரின் கனத்தில் பெரும்பங்கு பட்டனுக்குப் பின்னால் விழுந்துவிடுகிறது. அதே நிறுவனம் 1951இல் வெளியிட்ட, தாழ்ந்த சுருதிக்கான பிரிசிஷன் பேஸ் கிட்டாரிலேயே இந்த நீண்ட கொம்பு உண்டு. நீண்ட கழுத்தும் பெரிய கீகளும் (தலையில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிடிகள்) உள்ள பேஸுக்கு அது இல்லாமல் முடியாது.

எஸ்ஜி வடிவத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஏசி/டிசி ராக் குழுவின் ஆங்கஸ் யங் ஆயுள் முழுவதும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் ஓடியிருக்கிறார். நல்ல மகாகனியில் செய்த உடலுக்குக் கனம் உண்டு. அந்தக் கனம் ஓரளவு ஈடுகட்டும். நகல்களில்தான் வினை. தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பைக் கழற்றி, வர்ணம் படாத குழிக்குள் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழுந்தது. பாலோனியா மரம். ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 கிராம்தான் வரும். மகாகனி அரை கிராமுக்கு மேல், கழுத்துக்குப் போடும் மேப்பிள் 0.7 கிராம் அளவில். உடலைப் பஞ்சாக்கிவிட்டு, கழுத்தை அப்படியே வைத்து, தலையில் ஆறு கனமான வார்ப்புக் கீகளை மாட்டியிருக்கிறார்கள். "எடை குறைந்த கிட்டார், தோள் வலிக்காது" என்று சொல்லித்தான் விற்றார்களாம்.

அளவு எடுத்தது

இங்கேதான் பொறுமை வேண்டும். பெரும்பாலானவர்கள் அளக்காமல் எதிர்ப்பாரமாக ஈயத்தை வாங்கி ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அந்தப் பாவத்தைப் பிறகு செய்தேன், சொல்கிறேன்.

ஓர் அங்குல பிவிசி குழாயில் துண்டைச் சுற்றி மேசையில் வைத்து, அதன்மேல் கிட்டாரைப் படுக்கவைத்து முன்னும் பின்னும் நகர்த்தினேன். எந்த இடத்தில் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறதோ அதுதான் ஈர்ப்பு மையம். அந்த இடத்தில் காகித நாடாவில் கோடு போட்டு, முன் பட்டனிலிருந்து அளந்தால் இரண்டரை சென்டிமீட்டர், அதுவும் தலைப்பக்கமாக. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் மொத்த எடை 2,900 கிராம். பட்டனிலிருந்து கீகளின் நடுவரைக்கும் 54 சென்டிமீட்டர். உடலின் பின் விளிம்பில் எதையாவது வைக்க முடியும் என்றால் அந்த இடம் பட்டனிலிருந்து 31 சென்டிமீட்டர்.

எண்களை ஒரு சீட்டில் எழுதி அவளிடம் நீட்டினேன். திருப்புத்திறனைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவள். 2,900ஐ 2.5ஆல் பெருக்கி 7,250 கிராம்-சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதையா அண்ணா இரண்டு வருடமாக இடது கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்?" என்றாள். பட்டனிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளிக் கழுத்தைப் பிடிக்கிறாள் என்று வைத்துக்கொண்டால் கையில் ஏறும் பாரம் 200 கிராம் சொச்சம்தான். ஒரு டம்ளர் தண்ணீர். ஆனால் ஒன்றரை மணி நேரம் இறக்கிவைக்க முடியாத டம்ளர், அதுவும் விரல்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது.

என் தாத்தா வீட்டில் புளி நிறுக்கும் வெள்ளிக்கோல் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் குட்டையான கை, மறுபக்கம் நீண்ட தண்டு. தண்டின் நுனியை நோக்கி நகர்த்தினால் சின்னக் குண்டு பெரிய மூட்டையைத் தூக்கும். கிட்டாரும் கயிற்றில் தொங்கும் வெள்ளிக்கோல்தான். தலையில் இருக்கும் ஒரு கிராம் 54 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து இழுக்கிறது. வாலில் வைக்கும் ஒரு கிராம் 31இலிருந்துதான் எதிர்த்து இழுக்கிறது. தலையில் ஒரு கிராம் குறைத்தால் வாலில் ஒன்றே முக்கால் கிராம் சேர்த்ததற்குச் சமம். இதைப் புரிந்துகொண்டவர் முதலில் ஈயம் வாங்கப் போக மாட்டார்.

முதல் மருந்து: வார்

அவளிடம் இருந்த ஸ்ட்ராப் ஐந்து சென்டிமீட்டர் அகல நைலான். கார் இருக்கைப் பட்டைபோல வழவழப்பானது. அதை மாற்றுவது எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, செலவு குறைந்ததும்கூட. வாணியம்பாடியிலிருந்து வரும் தோல் துண்டுகளை வைத்து பெல்ட் தைக்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். ஏழரை சென்டிமீட்டர் அகலத்தில், சதைப்பக்கம் தோளில் படும்படி, அதாவது சொரசொரப்பான பக்கம் கீழே இருக்கும்படி ஒரு வார் தைத்து வாங்கினேன்.

பட்டறையில் மாட்டிப் பார்த்தபோது அற்புதமாக இருந்தது. கையை எடுத்தாள், கழுத்து நின்றது. நானும் பெருமையோடு அனுப்பிவைத்தேன்.

ஞாயிறு மாலையே அழைப்பு வந்துவிட்டது. பட்டறைக்குப் பருத்திச் சட்டையில் வந்திருக்கிறாள். தேவாலயத்துக்குப் பளபளப்பான செயற்கை இழைத் துப்பட்டா. தோலின் பிடிமானம் துப்பட்டாவோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது. துப்பட்டாவை வாருக்கு மேலே போட்டுப் பார்த்திருக்கிறாள். வார் வழுக்கவில்லை, ஆனால் சட்டைக் கழுத்து இடப்பக்கமாக இழுத்துக்கொண்டது. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உராய்வு பாரத்தைக் குறைப்பதில்லை. கையில் இருந்ததை எடுத்துத் தோளில் வைக்கிறது, அவ்வளவுதான். ஈர்ப்பு மையம் பட்டனுக்கு வெளியே இருக்கும்வரை வாரின் பிடிமானம் மட்டுமே கிட்டாரை நிறுத்துகிறது. வாரோ எதன்மேல் கிடக்கிறதோ அதை நம்பி இருக்கிறது. அன்றிலிருந்து பட்டறைக்கு வருபவர்களிடம் மேடையில் உடுத்தும் உடையிலேயே வரச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள்.

இரண்டாம் மருந்து: என் தவறு

அடுத்து எடை. கார் சக்கரங்களைச் சமன்செய்ய ஒட்டும் ஈயத் துண்டுகள் 250 கிராம் வாங்கி, பின் விளிம்பில் நாடாவால் ஒட்டினேன். 250ஐ 31ஆல் பெருக்கினால் 7,750. தேவை 7,250. போதுமே என்று நினைத்தேன். குழாயில் வைத்துப் பார்த்தால் மையம் பட்டனைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் பின்னால் வந்திருந்தது. சமன்.

சமன் என்பதுதான் தவறு. அந்த வாரமும் கிட்டார் சாய்ந்தது. முன்புபோல் விழவில்லை, சோம்பலாக இறங்கியது. கூடவே தோளும் வலித்தது என்றாள்.

யோசித்தால் காரணம் எளிது. ஈர்ப்பு மையம் முன் பட்டனுக்கு நேராக இருக்கிறது என்றால் முழு எடையையும் அந்த ஒரு பட்டனே தாங்குகிறது. பின் பட்டனில் இழுவையே இல்லை. வாரின் முதுகுப் பாதி தளர்ந்து கிடக்கிறது. அப்படித் தொங்கும் கிட்டார் எந்தப் பக்கமும் நிற்கும், எந்தப் பக்கமும் போகும். கழுத்தின்மேல் கைவிரல் பட்டாலே போதும். வாருக்கு இரண்டு முனை இருப்பதற்குக் காரணம் இரண்டும் பாரம் தாங்க வேண்டும் என்பது. அப்படித் தாங்க வேண்டுமென்றால் மையம் முன் பட்டனுக்குக் கணிசமாகப் பின்னால் விழ வேண்டும். என் கைப்பழக்கத்தில் நான்கு சென்டிமீட்டர் இருந்தால் கழுத்து வைத்த இடத்தில் நிற்கிறது. இது விதி அல்ல, என் அளவு.

அவளுடைய அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் தலையாட்டினார். வண்டியிலும் சரிசமமாகச் சுமை ஏற்ற மாட்டார்களாம். கொஞ்சம் முன்பாரம் வைத்தால்தான் நுகத்தடி மாட்டின் கழுத்தில் படிந்து உட்காரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் எழும்பி எழும்பி விழும். கிட்டாருக்கு அதே பாடம், திசை மட்டும் தலைகீழ்: கொஞ்சம் பின்பாரம்.

சரி, நான்கு சென்டிமீட்டர் பின்பாரத்தை ஈயத்தை மட்டும் வைத்து வாங்க முடியுமா? கணக்குப் போட்டது அவள்தான். ஏறக்குறைய 700 கிராம் வந்தது. 2.9 கிலோ கிட்டார் 3.6 கிலோ ஆகும். எடை குறைவு என்று வாங்கிய கிட்டாரின் வாலில் முக்கால் கிலோ ஈயம். அவள் சிரித்துவிட்டாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஈயத்தைப் பிரித்து எடுத்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஈயத்தை வெறும் கையால் சுரண்டவும் கூடாது, கிட்டாரின் உள்குழிக்குள் மூடாமல் வைக்கவும் கூடாது. மின்னிணைப்பில் பட்டால் ஒலி செத்துவிடும்.

குருத்தோலை ஞாயிறு அன்று பவனியில் நடந்தபடியே வாசித்தாள், பழைய கனத்தோடும் பழைய சாய்வோடும். இடது மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வாசித்ததாக அப்பா சொன்னார். அவள் சொல்லவில்லை.

கொம்பில் துளை

பட்டனை நகர்த்த வேண்டும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். தள்ளிப்போட்டது பயத்தால். ஒட்டியதைப் பிரித்துவிடலாம், போட்ட துளையைத் தடம் தெரியாமல் மூட முடியாது. அதுவும் பாலோனியாவில், அதுவும் கூர்மையான கொம்பில். மேல் கொம்பின் பின்புறத்தில், நுனியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உள்ளே ஓர் இடம் குறித்தேன். பழைய இடத்தைவிட அது நான்கு சென்டிமீட்டர் தலைப்பக்கம். வேறெதுவும் செய்யாமல் இந்த ஒரு மாற்றத்தால் மட்டும், தலைப்பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் இருந்த மையம் புதிய பட்டனுக்குப் பின்னால் ஒன்றரை சென்டிமீட்டர் என்று ஆகிவிடும். ஒரு கிராம் கூட்டவில்லை. 250 கிராம் ஈயம் நகர்த்தியது 2.65 சென்டிமீட்டர், ஒரு திருகு நகர்த்துவது நான்கு.

நாள் குறிப்பதில் அந்த ஊர் வழக்கம் உதவியது. பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் உன்னத கீதம் (குளோரியா என்னும் புகழ்ப்பாடல்) பாடி முடித்த பிறகு, ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பாஸ்கா திருவிழிப்பில் மறுபடி அந்தக் கீதம் வரும்வரை அவர்கள் இசைக்கருவிகளைத் தொடுவதில்லை. புனித வெள்ளி காலையில் கிட்டாரைக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை மாலை வாங்கிக்கொள்ளலாம். பசை காய ஒரு முழு நாள் கிடைத்தது.

மென்மையான மரத்தில் திருகை நேராக ஏற்றினால் ஆறு மாதத்தில் துளை அகன்று திருகு கையோடு வந்துவிடும். ஆகவே முதலில் எட்டு மில்லிமீட்டர் துளை. கொம்பின் கனம் அந்த இடத்தில் 28 மில்லிமீட்டர். துளையின் ஆழம் 18. துளைமுனையில் நாடாவைக் கொடிபோலச் சுற்றி வைத்தேன், கொடி மரத்தைத் தொட்டால் நிறுத்த வேண்டும். மறுபக்கம் முன்முக வர்ணத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது? பிறகு துளையில் தேக்குக் கட்டை ஒன்றை மரப்பசையோடு இறக்கினேன். இதில் ஒரு தச்சு நுணுக்கம் உண்டு. கடையில் விற்கும் உருண்டைக் குச்சியை வெட்டி இறக்கினால் நார் செங்குத்தாக நிற்கும். திருகு நாருக்கு இணையாக இறங்கும், பிடிக்காது. நார் குறுக்கே ஓடும்படி பலகையிலிருந்து கடைந்தெடுத்த கட்டையாக இருந்தால் திருகின் புரிகள் நாரை வெட்டிக் கவ்விக்கொள்ளும். என் அப்பா கதவுக் கீல் பிடுங்கிக்கொண்ட நிலைகளை இப்படித்தான் சரிசெய்வார்.

சனிக்கிழமை காலையில் தேக்குக்குள் மூன்று மில்லிமீட்டர் வழித்துளை போட்டு, நான்கு மில்லிமீட்டர் திருகின் புரியில் மெழுகுவத்தியைத் தேய்த்து இறக்கினேன். பட்டனுக்கும் வர்ணத்துக்கும் நடுவில் ஒரு கம்பளி வில்லை. குதிகாலில் இருந்த பழைய துளையை மூங்கில் சிம்பும் பசையும் வைத்து அடைத்தேன்.

எதிர்பாராத ஓர் ஆதாயமும் கிடைத்தது. குதிகாலில் பட்டன் இருந்தபோது கிட்டாரின் முகம் தரையைப் பார்த்துச் சரியும். அவளும் தந்திகளைப் பார்க்கக் குனிவாள். பட்டன் மேல் கொம்புக்குப் போனதும் உடல் வயிற்றோடு ஒட்டி நின்றது. அத்தோடு கிட்டார் முழுவதும் அவளுக்கு வலப்பக்கமாக நகர்ந்ததால் முதல் ஃப்ரெட் சற்றுக் கிட்டே வந்தது. எஃப் கார்டுக்கு இடது முழங்கையை அவ்வளவு நீட்ட வேண்டியதில்லை.

மீதி இரண்டரை சென்டிமீட்டர்

ஒன்றரை வந்தாயிற்று; என் கணக்கு நான்கு. கீகளில் இரண்டு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன, எப்படியும் மாற்ற வேண்டியவை. வார்ப்புக் கீகள் ஆறையும் கழற்றிப் பக்கத்து நகைப் பட்டறைத் தராசில் போட்டோம்: 246 கிராம். பின்பக்கம் திறந்த பழைய பாணிக் கீகள், பிளாஸ்டிக் பிடியோடும் புஷ்ஷோடும் 156 கிராம். தொண்ணூறு கிராம் மிச்சம். தலைத் துளைகள் பத்து மில்லிமீட்டர், புதிய கீகளின் தண்டு அதைவிட மெல்லியது என்பதால் இடைவெளியை நிரப்ப மாற்று புஷ் தேவைப்பட்டது. அதை முன்கூட்டியே வரவழைத்து வைத்திருந்தேன். பழைய பட்டனிலிருந்து அளந்த 54ஆல் 90ஐப் பெருக்கினால் 4,860. மையம் புதிய பட்டனுக்குப் பின்னால் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியது.

கடைசியாகத்தான் எடை. அவளுடைய அப்பா முந்தின நாளே வீட்டிலிருந்து பழைய எடைக்கற்களைக் கொண்டுவந்திருந்தார்: நூறு கிராம் இரும்பு ஒன்று, இருபது கிராம் பித்தளை ஒன்று. இரண்டையும் பின் விளிம்பில் நாடாவால் ஒட்டி அவளை நிற்க வைத்தோம், இந்த முறை துப்பட்டாவோடு. கையை எடுத்தாள். கழுத்து லேசாக மேல்நோக்கி நின்றது. கீழே அழுத்திவிட்டுப் பார்த்தேன், அங்கேயே நின்றது. மேலே தூக்கிவிட்டேன், அங்கேயும் நின்றது. எடைக்கல்லோடு தேவாலயத்துக்கு அனுப்ப முடியாதே. ஐந்து மில்லிமீட்டர் கனப் பித்தளைத் தகட்டில் ஏழுக்கு நான்கு சென்டிமீட்டர் துண்டு ஒன்றை அறுத்தேன். அது 119 கிராம். ஓரங்களை மழுக்கி, அடியில் கம்பளித் துணி ஒட்டி, உடலின் பின்புறத்தில் வால் ஓரமாக இரண்டு திருகில் பொருத்தினேன். மின்குழிக்குள் மறைத்திருக்கலாம், ஆனால் குழி பட்டனுக்குப் பக்கம், பழைய பட்டனிலிருந்து 22 சென்டிமீட்டர்தான். அங்கே வைத்தால் 170 கிராம் வேண்டும். வெளியே தெரிந்தால் தெரியட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

கடைசி அளவு: மொத்த எடை 2,930 கிராம். வந்ததைவிட முப்பது கிராம் கூட. மையம் புதிய பட்டனுக்குப் பின்னால் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர்.

செய்யாமல் விட்டவையும் சில உண்டு. வாரின் முன்முனையைப் பட்டனில் மாட்டாமல் தலையில் கயிறு கட்டித் தொங்கவிடலாம், சில அக்கூஸ்டிக் கிட்டார்களில் செய்வதுபோல. சாய்வு நிற்கும், ஆனால் கயிறு இடது கையின் வழியில் குறுக்கே வரும். பின் பட்டனை இடுப்பு பெல்ட்டோடு கொக்கியில் இணைப்பவர்கள் இருக்கிறார்கள்; துப்பட்டாக்காரிக்கு அது சரிப்படாது. வாரின்மேலேயே எடையைத் தைத்துக்கொள்ளும் யோசனையை அவளுடைய குழுவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். முதுகில் கிடக்கும் எடையைத் தோள்தான் தாங்கும், கிட்டாருக்கு அது தெரியவே தெரியாது. பின் பட்டனுக்கு மிக அருகில் தொங்கினால் மட்டுமே கொஞ்சம் பலன். உட்கார்ந்து வாசிக்கும்போது மிச்சமிருந்த சிறு சாய்வுக்கு, இடது காலடியில் ஒரு மணைப்பலகையை வைத்துக் கிட்டாரை இடது தொடைக்கு மாற்றச் சொன்னேன். வீட்டுப் பயிற்சிக்கு அது போதும்.

எட்டு வாரம் கழித்து

மாம்பழக் காலத்தின் நடுவில் தந்தி மாற்ற வந்தாள். திருவிழிப்பு நீண்டதாம். பாதிக்கு மேல் நின்றே வாசித்தும் மணிக்கட்டில் துணி சுற்றவில்லை. எஃப் கார்டு பிடிக்கச் சொன்னேன். ட்யூனரின் முள் நடுவை ஒட்டி நின்றது. கட்டைவிரல் கழுத்தின் பின்னால் தளர்வாகக் கிடந்தது. ஆனால் கையை எடுக்கச் சொன்னபோது இன்னமும் இடது கை பாதி வழிவரை தானாகப் போய்த் திரும்பியது. இரண்டு வருடப் பழக்கம் எட்டு வாரத்தில் போகவில்லை.

கொம்பின் திருகைக் கழற்றிப் பார்த்தேன். தேக்கில் புரி சுத்தமாக இருந்தது. வர்ணத்தில் மயிரிழை விரிசல் ஒன்று, பட்டனிலிருந்து நுனியை நோக்கி அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடியிருந்தது. மரத்தில் இல்லை, வர்ணத்தில் மட்டும். விரிசலின் முடிவில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன், அடுத்த முறை நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பித்தளைத் தகட்டின் ஒரு மூலை துப்பட்டாவில் மாட்டுகிறது என்றாள். அங்கேயே அரத்தால் இன்னும் கொஞ்சம் உருட்டிவிட்டேன்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். குழுவில் பேஸ் வாசிக்கும் அண்ணனுடைய கருவியும் சாய்கிறதாம். குழாயில் வைத்து அவளே அளந்திருக்கிறாள்: எடை, மையம், கீவரை தூரம், வால்வரை தூரம், எல்லாம் வரிசையாக. சீட்டின் அடியில் கொம்பைச் சின்னதாக வரைந்து, பட்டன் 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேராகத்தான் இருக்கிறது, ஆகவே துளை வேண்டாம், நான்கு கீகளின் எடையை மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தாள்.